மடியில் கனம் இருந்தால் என்ன தப்பு?

தூத்துக்குடியில் 'கிளியரிங்' என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கப்பலில் வந்த சரக்குக்குக் கஸ்டம்ஸில் பேப்பர் போட்டு, வரி கட்டி, கன்டெய்னரை வெளியே எடுப்பது. தெருவுக்கு ஒருத்தராவது கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். இந்தப் பதிவு அந்தக் கிளியரிங்கைப் பற்றி இல்லை (ஆனால் அந்த ஆபீஸ் கொஞ்ச நேரத்தில் உள்ளே வரும்). இது வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்கிற கிளியரிங்.

விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள். விண்டோஸ் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஆர் எழுத்தைத் தட்டினால் திரையின் இடது மூலையில் ரன் பெட்டி வரும். அதன் ஓரத்தில் இருக்கும் குட்டி அம்புக்குறியைச் சொடுக்குங்கள். இதுவரை அந்தப் பெட்டியில் தட்டியதெல்லாம் வரிசையாகக் கீழே விழும். நோட்பேட், கால்குலேட்டர், சிஎம்டி என்று பாதி சாதாரணமாகத்தான் இருக்கும். மீதியில்தான் விஷயம் இருக்கிறது. டி டிரைவில் எந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபோல்டரைத் திறந்தார்கள் என்ற முழுப் பாதை, பிரவுசரைத் திறக்கச் சோம்பல்பட்டு நேராக அங்கேயே அடித்த இணைய முகவரி, இப்படி.

இதெல்லாம் ரெஜிஸ்ட்ரிக்குள் ரன்எம்ஆர்யூ என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஏ முதல் இசட் வரை ஆளுக்கொரு எழுத்தைப் பெயராக வைத்து, 26 கட்டளைகள் வரை சேர்த்துக்கொள்ளும். எது கடைசியாக அடித்தது என்ற வரிசைக்கு எம்ஆர்யூலிஸ்ட் என்று தனியாக ஒரு வரி. வீட்டுக்காரர் யாரும் இதைக் கேட்டு வைத்ததில்லை. கம்ப்யூட்டர் வாங்கும்போது கடைக்காரர் சொல்லித் தந்ததும் இல்லை.

இப்போது ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அண்ணன் ஒருத்தன், பி.காம் படிக்கிற தங்கை ஒருத்தி. வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர், அதில் ஒரே ஒரு யூஸர், அதற்கும் பாஸ்வேர்டு கிடையாது. ஊரில் பாதி வீடுகள் இப்படித்தான். தங்கை சென்னையில் வேலைக்கு மனுப் போட ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறாள். வேலை கிடைக்குமோ கிடைக்காதோ, கிடைத்த பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறாள். ஃபோல்டரை ஏழெட்டு ஃபோல்டருக்குள் ஒளித்து வைத்துவிட்டு, அதைத் திறக்க மட்டும் ரன் பெட்டியில் பாதையைத் தட்டுகிறாள். ஒருநாள் அண்ணன் வேறு எதற்கோ டி என்று ஓர் எழுத்தைத் தட்ட, மிச்சத்தைக் கம்ப்யூட்டரே நிரப்பிக் கொடுக்கிறது. எவ்வளவு உதவி மனப்பான்மை!

அடுத்த முறை அவள் பட்டியலை அழித்து வைக்கிறாள். அழிந்த பட்டியலைப் பார்த்ததும் அடுத்த கேள்வி வருகிறது.

"ஏட்டி, என்னத்தட்டி அழிச்ச?"

"சும்மாதாண்ணே."

"மடியில கனம் இல்லன்னா வழியில எதுக்குட்டி பயம்?"

இந்த ஒரு பழமொழியை வைத்துத்தான் வீட்டு அண்ணன்களில் இருந்து அரசாங்கம் வரைக்கும் எல்லோரும் அடுத்தவர் மேசை டிராயரைத் திறக்கிறார்கள். அழித்தாய் என்றால் ஏதோ இருக்கிறது. ஏதோ இருக்கிறது என்றால் தப்புதான் இருக்கிறது. முடிந்தது கேஸ்.

இந்தப் பழமொழியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மடி என்பது வேட்டி மடிப்பு, இடுப்பில் பணத்தை முடிந்துகொள்கிற இடம். மடியில் கனத்தோடு போகிறவன் யார்? பணம் வைத்திருப்பவன். அவன் யாருக்குப் பயப்படுகிறான்? வழிப்பறிக்காரனுக்கு. பழமொழியில் குற்றவாளி என்று ஒருத்தன் உண்டு என்றால் அது வழியில் நிற்கிறவன்தான், மடியில் முடிந்திருக்கிறவன் இல்லை! 1961-ஆம் வருஷம் வரைக்கும் முத்துக்குளிப்பு நடந்த கரை இது. கரையில் முத்து வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டு ஊர் திரும்பிய வியாபாரியை நிறுத்தி, "உனக்கு ஏன் பயம், நீ என்ன திருடனா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? காசுக்கு வாங்கின முத்து ஐயா அது. கனம் இருக்கிறது, அதனால் பயமும் இருக்கிறது. அதில் அவன் தப்பு எங்கே?

எல்லோர் மடியிலும் ஏதோ ஒரு கனம் இருக்கத்தான் செய்யும். வேலை மனு இருக்கலாம், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையின் பெயரைத் தேடியது இருக்கலாம், திரும்பத் தர முடியாத ஒரு கடனின் கணக்கு இருக்கலாம். அண்ணனுடைய ரன் பெட்டியிலும் இருக்கும். ஆனால் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதுதான் இதில் கவனிக்க வேண்டியது. "என்ன அழித்தாய்?" என்ற கேள்வி எப்போதும் ஒரே திசையில்தான் போகிறது. அண்ணனிடமிருந்து தங்கைக்கு, மாமியாரிடமிருந்து மருமகளுக்கு, முதலாளியிடமிருந்து வேலைக்காரனுக்கு. எதிர்த்திசையில் அது போனதாகச் சரித்திரம் இல்லை.

"அப்படியென்றால் எதையும் அழிக்கலாமா, கணக்கு வழக்கு வேண்டாமா?" என்று வணிகவியல் படிக்கிற கூட்டம் கேட்கும். கேட்கத்தான் வேண்டும். இந்த இடத்தில்தான் கிளியரிங் ஆபீஸ் உள்ளே வருகிறது.

கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்ஸ் வைத்திருப்பவர் தன் பதிவேடுகளைக் குறைந்தது 5 வருஷம் பாதுகாக்க வேண்டும் என்று 2018-ஆம் வருஷத்து விதிமுறை சொல்கிறது. கம்பெனி என்றால் 2013-ஆம் வருஷச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி 8 நிதியாண்டுக் கணக்குப் புத்தகம் கையில் இருக்க வேண்டும். ஜிஎஸ்டியில் ஆண்டு ரிட்டர்னின் கெடுத்தேதியிலிருந்து 72 மாதம். இதெல்லாம் பரீட்சைக்குப் படித்ததுதான். சிலபஸில் புதிதாக வந்த சமாச்சாரம் ஒன்று உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் 'ஆடிட் டிரெயில்' கட்டாயம். ஒவ்வொரு என்ட்ரியையும் எப்போது மாற்றினார்கள் என்ற தடம் பதிவாக வேண்டும், அந்த வசதியை அணைத்துவைக்கவே கூடாது. ஆடிட்டர் அதைப் பார்த்து அறிக்கையில் எழுத வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? கம்பெனியின் பணம் அடுத்தவர் பணம். பங்குதாரர், கடன் கொடுத்த வங்கி, வரி வாங்குகிற அரசு என்று அந்த நோட்டில் பலருக்குப் பாத்தியதை உண்டு. ஆகவே அழிக்கிற உரிமை அவர்களுக்குக் கிடையாது. சரிதான். ஆனால் தங்கையின் ரன் பெட்டியில் பாத்தியதை உள்ள வேறு ஆள் யார்? யார் பணம் அதில் போட்டிருக்கிறது? "கம்ப்யூட்டர் நான் வாங்கித் தந்தது" என்று அப்பா சொல்லலாம். பேனாவும்தான் அவர் வாங்கித் தந்தார். அதற்காக டைரியையும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டுமா?

பிரவுசிங் சென்டர் நடத்தியவர்களுக்கும் 2011-ஆம் வருஷம் ஒரு விதிமுறை வந்தது. வந்தவர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற பதிவை ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று. அந்த விதி நல்லதா கெட்டதா என்பது வேறு சண்டை. அது கடைக்குப் போட்ட விதி. வீட்டுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. ஆனால் விதியே இல்லாத வீடுகளில்தான் பிரவுசிங் சென்டரை விடக் கறாராகச் சோதனை நடக்கிறது :-)

எதை அழிக்கக் கூடாது, யார் அழிக்கக் கூடாது என்பதற்கு இதே தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. எழுதவே கை வராத உதாரணம்.

2020 ஜூன் 19. சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லி ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற அப்பாவையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார். மறுநாள் காலையில் அப்பா. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே இதைக் கையில் எடுத்தது. விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன் காவல் நிலையத்தின் சிசிடிவியைப் பார்த்துவிட்டு அறிக்கை கொடுத்தார். ஹார்ட் டிஸ்க் 1 டெராபைட். இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அன்றன்றைக்கு எடுத்த பதிவு அன்றன்றைக்கே தானாக அழிந்துபோகிற மாதிரி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. 19-ஆம் தேதி முதலான பதிவுகள் அதில் இல்லை.

இன்னொரு முறை படியுங்கள். பி.காம் மாணவி நோட்பேட் திறந்ததை விண்டோஸ் மாதக்கணக்காக ஞாபகம் வைத்திருக்கிறது. ஒரு காவல் நிலையத்துச் சுவரில் மாட்டிய கேமராவுக்கு, ஒரு டெராபைட்டை வைத்துக்கொண்டு, முந்தாநாள் நடந்தது ஞாபகம் இல்லை. அந்த செட்டிங்கைப் பார்த்து "மடியில் கனம் இல்லையென்றால்..." என்று எந்த அண்ணன் கேட்டான்?

பிறகு அந்த வழக்கு சிபிஐக்குப் போனது, 2020 செப்டம்பரில் 9 போலீஸ்காரர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதே வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி, பரம்வீர் சிங் சைனி என்ற வேறொரு வழக்கில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அவ்வளவு கொள்ளளவுள்ள கருவி கிடைக்காவிட்டாலும் ஒரு வருஷத்துக்குக் குறையவே கூடாது என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. ஆக, நியாயம் எந்தப் பக்கம் என்பது தெளிவாகத்தான் இருக்கிறது. அடுத்தவர் உடம்பின் மீதும் பணத்தின் மீதும் அதிகாரம் உள்ள இடத்தில் பதிவு நிற்க வேண்டும். அதிகாரம் எதுவும் இல்லாத ஆளின் மேசையில் பதிவு அழியலாம், அழிக்கிறவர் காரணம் சொல்லவும் வேண்டாம். நடைமுறை இதற்கு நேர்த் தலைகீழ்.

2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்களே, அது போதாதா என்றால், அதை எடுத்துக்கொண்டு அண்ணன் மீது வழக்குப் போட முடியாது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தனி ஆள் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்குத் தகவலைக் கையாண்டால் அது தனக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறது. வாசல் வரைக்கும்தான் சட்டம் வரும். உள்ளே டெலீட் பட்டன்தான்.

சரி, அந்த பட்டனாவது ஒழுங்காக வேலை செய்கிறதா? இங்கேதான் இரண்டாவது மோசடி.

ரெஜிடிட்டைத் திறந்து ரன்எம்ஆர்யூவில் இருக்கும் எழுத்துக்களை அழித்தால் ரன் பெட்டி காலியாகிவிடும். நிஜம். ஆனால் பக்கத்திலேயே யூஸர்அசிஸ்ட் என்று இன்னொரு இடம் இருக்கிறது. எந்த நிரலை எத்தனை தடவை ஓட்டினீர்கள், கடைசியாக எப்போது ஓட்டினீர்கள் என்று அது தனியாக எழுதிக்கொண்டிருக்கும். அதுவும் எப்படி? ஆங்கில எழுத்துக்களை 13 இடம் தள்ளிப்போட்டு, ஸ்கூல் பிள்ளைகள் ரகசியக் கடிதம் எழுதுகிற பாஷையில். எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் அடித்த பாதைகளுக்கு டைப்டுபாத்ஸ் என்று மூன்றாவது இடம். பவர்ஷெல்லில் இன்னும் வேடிக்கை. கிளியர்-ஹிஸ்டரி என்று ஒரு கட்டளையே இருக்கிறது. பெயரைப் பார்த்து நம்பி அடித்தால் அன்றைய அமர்வின் நினைவை மட்டும் துடைத்துவிட்டு, ஆப்டேட்டாவுக்குள் கன்சோல்ஹோஸ்ட் ஹிஸ்டரி என்ற டெக்ஸ்ட் கோப்பை அப்படியே விட்டுவிடும். அந்தக் கோப்பு சாதாரணமாக 4,096 வரி வரை வைத்துக்கொள்ளும், நோட்பேடில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். (பழைய கறுப்பு சிஎம்டி பெட்டி எவ்வளவோ தேவலை. ஜன்னலை மூடினால் மறந்துவிடும்.)

லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பெட்டிகளில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் இருந்தது, ஞாபகம் இருக்கலாம். அதன் டெர்மினலிலும் இதே கதைதான். பேஷ் ஹிஸ்டரி என்று வீட்டு ஃபோல்டரில் புள்ளி வைத்து மறைத்த ஒரு கோப்பு. ஹிஸ்டரி என்று தட்டி மைனஸ் சி போட்டால் கண்ணெதிரே இருக்கும் பட்டியல் போகும், கோப்பு போகாது. மைனஸ் டபிள்யூவும் தட்டினால்தான் காலிப் பட்டியல் கோப்பிலும் எழுதப்படும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக் கட்டளையோடு சேர்த்தே அடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் இன்றைக்கே அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பது நல்லது. கட்டளைக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டு அடித்தால் பதிவாகாமல் இருக்கும் வசதி உபுண்டுவில் ஏற்கெனவே உண்டு.

இவ்வளவு தலைவலி எதற்கு, துடைக்கிற மென்பொருள் ஒன்றைப் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு 2017-ஆம் வருஷத்து சிகிளீனர் கதை. கணினியைச் சுத்தம் செய்கிற மென்பொருள்களில் அதுதான் ஊருக்கே தெரிந்த பெயர். அதன் 5.33 பதிப்புக்குள்ளேயே யாரோ வைரஸைச் செருகி, அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே அது லட்சக்கணக்கான கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. துடைக்க வந்த துணியிலேயே அழுக்கு.

உளவும் நாளுக்கு நாள் வளர்கிறது. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் 'ரீகால்' என்று ஒன்றை அறிவித்தது. சில நொடிகளுக்கு ஒரு தடவை திரையையே படம் பிடித்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும். உலகம் முழுக்கப் பாதுகாப்பு வல்லுநர்கள் போட்ட சத்தத்தில் ஜூன் மாதம் வெளியிடாமல் நிறுத்தி, 2025 ஏப்ரலில், வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றிக் கொண்டுவந்தார்கள். சத்தம் போட்டதால் மாறியது. 26 வரி ரன் பெட்டிக்கு யாரும் சத்தம் போட்டதில்லை, அதனால் அது அப்படியே இருக்கிறது.

எதிர்த்தரப்பில் நியாயமான ஒரு வாதம் உண்டு. அதை மறைப்பது முறையில்லை. 2024 முதல் ஒரு புது மோசடி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏதோ ஒரு தளத்தில் "நீங்கள் மனிதர்தானா என்று நிரூபிக்கவும்" என்று வரும். விண்டோஸும் ஆரும் அழுத்து, கன்ட்ரோலும் வியும் அழுத்து, என்டர் தட்டு என்று மூன்று படியாகச் சொல்லும். சொன்னபடி செய்தால், தளம் ரகசியமாகக் காப்பி செய்து வைத்த கட்டளை ரன் பெட்டி வழியாக ஓடி, பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும். அப்படி ஏமாந்தவர்களுக்கு என்ன ஓடியது என்று சொல்லக்கூடிய சாட்சிகளில் முக்கியமானது இந்த ரன்எம்ஆர்யூதான். ஆகவே சந்தேகமாக ஏதாவது நடந்திருந்தால் அழிக்காதீர்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு 1930-க்குப் போன் போடுங்கள். அதே மாதிரி வழக்கு ஒன்றுக்குச் சாட்சியமாகப் போக வேண்டியதை, அது தெரிந்தே அழிப்பது குற்றம். அதில் இரண்டாவது பேச்சு கிடையாது. ஆனால் இந்த இரண்டையும் காட்டி, எப்போதும் எதையும் அழிக்கவே கூடாது என்பது, தீப்பிடித்தால் உதவும் என்று வீட்டுக் கதவைக் கழற்றி வைக்கச் சொல்வது மாதிரி.

எட்டாம் வகுப்புப் பையனின் கம்ப்யூட்டரை அம்மா பார்க்கக் கூடாதா என்றும் கேட்பார்கள். பார்க்கலாம். "நான் பார்ப்பேன்" என்று முன்னாலேயே சொல்லிவிட்டுப் பார்க்கட்டும். வோட்டுப் போடும் வயது வந்த பிள்ளையின் ரன் பெட்டியைத் தூங்கின பிறகு திறந்து பார்ப்பது வளர்ப்பில் சேராது.

அண்ணன்மார்களுக்கு வெட்கம் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10, 11-ல் செட்டிங்ஸுக்குள் பிரைவசி பக்கத்தில், எந்தெந்த நிரல் திறக்கப்படுகிறது என்று கண்காணிக்க விண்டோஸை அனுமதிக்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்தால் ரன் பெட்டி பழையதைக் காட்டுவதை நிறுத்திவிடும். அதை விட உருப்படியான வேலை, வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனி யூஸர் போட்டு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைப்பது. ரன்எம்ஆர்யூ, யூஸர்அசிஸ்ட், பவர்ஷெல் கோப்பு எல்லாமே யூஸருக்குத் தனித்தனியாகத்தான் இருக்கும். அட்மின் யூஸரை மட்டும் யார் கையில் கொடுப்பது என்று முதலிலேயே பேசிவிடுங்கள், அட்மினாக இருப்பவர் எல்லோருடைய ஃபோல்டரையும் திறக்க முடியும். மொத்த வேலையும் பத்து நிமிஷம். "வீட்டுக்குள்ள எதுக்குட்டி பாஸ்வேர்டு?" என்ற கேள்வி கண்டிப்பாக வரும். வந்தால், அண்ணனுக்கு முதல் யூஸரைப் போட்டுக் கொடுத்து, பாஸ்வேர்டை அவனையே அடிக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொள்ளுங்கள்.